பெட்டி போனது, சாக்ஸும் போனது

அத்தியாயம் ஆறு

"குனி" என்றார் டீச்சர்.

நெஃப்தாலி குனிந்தான். குனிந்ததோடு சரி, நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ ஆணி அடித்து மாட்டியதுபோல அப்படியே நின்றான்.

"காலையில ஒரு கேக் பெட்டியத் தூக்கினேன் டீச்சர். அதுலேருந்து இப்படித்தான்."

"கேக் தூக்கினா இடுப்பு பிடிச்சுக்குமா?"

"நீங்க அந்தக் கேக்கைத் தூக்கிப் பாக்கணும். மாவுக்குப் பதிலா சிமென்ட் கலந்திருக்காங்க."

டீச்சருக்கு அவன் கேக்கில் அக்கறை இல்லை. மேசைக்கடியில் என்ன தெரிகிறது என்று கேட்டார். தூசி தெரிந்தது. தூசிக்கு நடுவே தூசியே இல்லாத ஒரு சதுரம் தெரிந்தது. நேற்று சாயங்காலம் வரை அந்தச் சதுரத்தின் மேல் ஒரு பெட்டி இருந்தது. இன்று சனிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால், பெட்டி இல்லை. ஐந்து மணிக்கு அது வேண்டும்.

உபால்தினா பாஹரோ, பாரன்கியா நகரத்து ரெபோலோ பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் நாலாம் வகுப்பு எடுத்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டுக் காணாமல் போன பொருள்களையும் புருஷன்களையும் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு வேலைக்கும் ஒரே திறமைதான் வேண்டும் என்பார்: நாற்பது பேர் இருக்கிற அறையில் நம் கண்ணைப் பார்க்காதவன் எவன் என்று கண்டுபிடிப்பது. நெஃப்தாலி அவருடைய நாலாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன். பாடம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று காரணம் சொல்வான். இப்போது மூன்று சக்கர மோட்டோகாரோ ஓட்டுகிறான். டீச்சர் கூப்பிட்டால் உதவியாளன். ஒரே ஒரு நிபந்தனை, வழக்கு முடியும்வரை அவன் போன் டீச்சரின் கைப்பையில் இருக்கும். அந்தக் காலத்தில் பம்பரத்தைப் பிடுங்கி வைத்த அதே பழக்கம்.

பதினொன்றரைக்குப் போனைக் கொடுத்ததிலிருந்தே அவனுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு எதையோ செய்வதாக யாரிடமோ சொல்லியிருந்தான். என்ன, யாரிடம் என்பதுதான் நினைவில் இல்லை. பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நாரைப்போல அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பெட்டியைப் பறிகொடுத்தவர், பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வீட்டுக்காரர் லிசிமாக்கோ கசியானி. குளிர்பெட்டி மெக்கானிக். ஆனால் ரெபோலோவில் அவருக்கு மரியாதை குளிர்பெட்டியால் வந்ததல்ல, காதால் வந்தது. தெருவை அடைத்து நிற்கிற பிக்கோக்கள், அதாவது முகப்பில் புலியும் கழுகும் தீட்டிய ஆள் உயர ஒலிபெருக்கிக் கூண்டுகள், அவர் வந்து தலையாட்டிய பிறகுதான் விருந்துக்குப் போகும். அப்படிப்பட்ட மனுஷன் மூன்று வாரமாக ரொட்டிக் கூடை அளவில் ஒரு குட்டி சப்வூஃபர் செய்துகொண்டிருந்தார். பழைய அலமாரிக் கதவின் பலகை. விபத்தில் நசுங்கிய டாக்ஸியிலிருந்து கழற்றிய ஆறரை அங்குல வூஃபர். அதன் கிழிந்த விளிம்பை மகளின் ரோஸ் நிற நகப்பூச்சு வைத்து ஒட்டியிருந்தார். காற்றுப் போக்குக்கு, சாக்கடைக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு. பிஸ்கட் டப்பாவுக்குள் ஆம்ப்ளிஃபையர். பைக் பேட்டரி.

எல்லாம் மகள் யாசிரிஸுக்காக. இன்று அவளுக்குப் பதினைந்து முடிகிறது. பதினைந்தாம் பிறந்தநாளில் அப்பாவும் மகளும் ஊர் பார்க்க வால்ட்ஸ் ஆட வேண்டும். யாசிரிஸுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை, முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் எல்லாம் புரிந்துகொள்வாள். அவளிடம் செங்கல் அளவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிப் போவாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பாட்டைக் கேட்பாள். ஆனால் அதை அணைத்துக்கொண்டு அப்பாவோடு வால்ட்ஸ் ஆட முடியாது. அதனால் அந்த ஸ்பீக்கரோடு சேர்த்து முழங்க ஒரு சப்வூஃபர். அது பலகை மேடைக்கு அடியில் போகும். தாளம் அவள் பாதம் வழியாக ஏறும். லிசிமாக்கோவின் கணக்கு அது.

"பெட்டி போனது பொண்ணுக்குத் தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

தெரியாது. அவள் காலையிலேயே எல்வியாவின் சலூனுக்குப் போய்விட்டாள். தலையில் சுருள் மாட்டி உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று லிசிமாக்கோ திருப்பிக் கேட்டார். ஒன்பது மணிக்கு அவளைச் சலூனில் இறக்கிவிட்டதே நெஃப்தாலிதான். அது ஒரு துப்பாகாது என்பதால் அவன் வாயைத் திறக்கவில்லை.

"வேற ஏதாவது காணோமா?"

லிசிமாக்கோ தயங்கினார். அலமாரியில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ இருந்தது. அதைக் கையில் எடுத்து உள்ளே காட்டினார்.

"புது சாக்ஸ், டீச்சர். கறுப்பு. இன்னிக்குப் போடணும்னு ஷூவுக்குள்ளயே சுருட்டி வெச்சிருந்தேன். ஷூ இருக்கு. சாக்ஸ் இல்ல."

"சப்வூஃபரோட சாக்ஸையும் திருடியிருக்கான்" என்றான் நெஃப்தாலி. "கால் குளிர்ற ஊர்க்காரனாத்தான் இருக்கணும். பொகோட்டால விசாரிக்கலாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விலை உயர்ந்த ஷூவை விட்டுவிட்டு சாக்ஸை மட்டும் எடுத்துப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கைப்பை கிர்ரென்று அதிர்ந்தது. நெஃப்தாலி கையை நீட்டினான்.

"உன் பொண்டாட்டியாத்தான் இருக்கும். காத்திருப்பா" என்று டீச்சர் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

லிசிமாக்கோ வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ரகசியத்தைச் சொன்னது அப்போதுதான். என்ன பாட்டு என்று அடுத்தவன் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இசைத்தட்டின் பெயர்ச்சீட்டையே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிற ஊர் இது. அவரும் தன் பங்குக்கு ஒரு தந்திரம் செய்திருந்தார். பெட்டிக்குள்ளே வூஃபரில் ஒயர்களை நிறம் மாற்றிப் பற்றவைத்திருந்தார். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. வேலை முடிந்ததும் வெளியே தொங்குகிற நுனிகளைக் கழற்றிவிடுவார். விஷயம் தெரியாதவன் சிவப்பைச் சிவப்போடு மாட்டுவான்.

"மாட்டினா?"

"சின்ன ஸ்பீக்கர் மூச்சு வெளிய விடறப்ப பெரிசு உள்ள இழுக்கும். ரெண்டும் சேர்ந்து பாடினா பேஸ், அந்த அடிச்சத்தம், செத்துப்போகும், டீச்சர். தனியாப் பாடினா ஒண்ணும் தெரியாது."

இது வேறு யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்தார். தன் கண்ணுக்கு இப்போதெல்லாம் பொடி வேலை சரிப்படுவதில்லை என்றும், பற்றவைக்கிறபோது மகள்தான் பிடித்துக்கொடுத்தாள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆக, தேட வேண்டியது ஒரு செத்த பேஸை. நெஃப்தாலிக்கு இது பிடித்திருந்தது. ஆளைத் தேடி அலைவதைவிட நோயாளியைத் தேடுவது சுலபம்.

சுலபமாக இல்லை. சனிக்கிழமை மதியம் ரெபோலோவில் வீட்டுக்கு ஒரு பாட்டு. ஒரு மூலையில் சல்சா, எதிர்மூலையில் சாம்பெட்டா, இரண்டுக்கும் நடுவில் கணவன் ஓடிப்போன ஒருத்தியின் வாயெனாத்தோ சோகப்பாட்டு. ரிப்பேர்க் கடை மூன்றில் போய்ப் பார்த்தார்கள். மூன்றிலும் வூஃபர் இருந்தது, எதிலும் ரோஸ் நகப்பூச்சு இல்லை. டீச்சர் வண்டியின் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நெஃப்தாலி சிக்னலில் நிற்கும்போது, வழியில் வாங்கிய, சோள மாவில் பொரித்த முட்டை அரேப்பாவைக் கடித்துவிட்டு, கடித்ததை மறந்து மறுபடியும் தேடினான். பன்னிரண்டு மணி. பன்னிரண்டு மணிக்கு என்ன?

இரண்டரைக்கு அன்செல்மோவின் வாசலுக்கு வந்தார்கள்.

அன்செல்மோ தள்ளுவண்டியில் குட்டிப் பிக்கோ ஒன்று வைத்திருந்தார். அதன் பெயர் கோபக்கார நண்டு. பத்து நாளாக லிசிமாக்கோவின் ஜன்னலோரம் பல் குத்திக்கொண்டு நின்றவர் என்று தெருவே சாட்சி சொன்னது. இப்போது அந்த நண்டின் வயிற்றுக்குக் கீழே புதிதாக ஒரு பெட்டி இருந்தது. ரொட்டிக் கூடை அளவு. முன்பக்கத்தில் சாக்கடைக் குழாய்.

"பாட்டு போடு, அன்செல்மோ" என்றார் டீச்சர். அன்செல்மோவும் அவருடைய பழைய மாணவர்தான். ஐம்பது வயது மனுஷன், உடனே போட்டார்.

நெஃப்தாலியைப் பெட்டிக்கு நேர் எதிரே நிற்கச் சொன்னார் டீச்சர். நின்றான். சாம்பெட்டா கத்தியது. காதில் ஈயைப் போல ரீங்காரம் இருந்தது. வயிற்றில் எதுவும் தட்டவில்லை. டீச்சர் கையை நீட்டி மேலிருந்த சின்ன ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். உடனே அடிவயிற்றில் ஒரு குத்து விழுந்தது. மறுபடி மாட்டினார். குத்து செத்தது.

நெஃப்தாலிக்குத் தன்னையே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்செல்மோவின் தோளில் கைபோட்டான். "பங்காளி, சாக்ஸையாவது திருப்பிக் குடுத்துடு. கல்யாணம் மாதிரி விசேஷம், அந்த மனுஷன் வெறுங்காலோட நிக்கறாரு."

எந்த சாக்ஸ் என்று அன்செல்மோ கேட்டார். கேட்ட விதத்திலேயே நெஃப்தாலியின் சந்தோஷம் பாதி இறங்கிவிட்டது. முகப்பைக் கழற்றினார்கள். வூஃபர் புத்தம் புதிது. நகப்பூச்சு இல்லை. பலகை அலமாரிக் கதவும் இல்லை. வாழைக்காய்ப் பெட்டியின் கட்டை. வியாழக்கிழமையே ஆணி அடித்து முடித்ததைப் பார்த்தவர்கள் ஐந்து பேர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் உள்ளே, வூஃபரில், சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறித்தான் இருந்தன.

"இத ஏன் மாத்தி வெச்சே?" என்றார் டீச்சர்.

அன்செல்மோ தரையைப் பார்த்தார். பீர் குடிக்கிற சாக்கில் லிசிமாக்கோவின் பெட்டியை நாலு தரம் சாணால் அளந்ததையும், மூடி திறந்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்ததையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார்.

"அவன் எப்படி வெச்சிருந்தானோ அப்படியே வெச்சேன், டீச்சர். லிசிமாக்கோ காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டான்."

நாலாம் வகுப்பில் பக்கத்துப் பையன் விடைத்தாளைப் பார்த்து எழுதும்போது அவன் பெயரையும் சேர்த்து எழுதியது இதே அன்செல்மோதான் என்று வண்டியில் ஏறும்போது டீச்சர் சொன்னார். ஏறுவதற்கு முன்னால் அவரிடம் ஒயரை மாற்றி மாட்டச் சொல்லிவிட்டும் வந்தார். மாட்டினார். நண்டு முதல்முறையாக அடித்தொண்டையில் உறுமியது. தெருக்கோடியில் ஒரு தகரக் கதவு அதிர்ந்தது. பேட்டரி வாங்க இன்னும் வழி பிறக்காததால் வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துத்தான் நண்டு பாடியது; ஆனாலும் அன்செல்மோவின் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தைப் பேட்டையே கேட்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டதால், அடுத்த ஒரு மணி நேரம் டீச்சரும் நெஃப்தாலியும் எதையும் கேட்க முடியவில்லை. தெருத்தெருவாக அலைந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் டீச்சர் காதைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நண்டு உறுமியது. மூன்றரை. லிசிமாக்கோ வீட்டு வாசலில் பலகை மேடை போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அறுபது பேருக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. கைப்பை மறுபடி கிர்ரென்றது.

"டீச்சர், ஒரே ஒரு தடவை பாத்துடறேனே."

"கேஸ் முடியட்டும்."

மூன்று நாற்பதுக்கு மின்சாரம் போனது.

ரெபோலோவில் மின்சாரம் போவது அதிசயம் அல்ல. ஆனால் சனிக்கிழமை போகும்போது, நூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதுபோல இருக்கும். சல்சா நின்றது. வாயெனாத்தோக்காரியின் அழுகை பாதியில் நின்றது. கோபக்கார நண்டு உறுமலின் நடுவில் செத்தது. அன்செல்மோவின் கெட்ட வார்த்தை மட்டும் நாலு தெரு தாண்டித் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு மின்விசிறிகள் ஓய்கிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

டீச்சர் விரலை உதட்டில் வைத்தார்.

தும். தக். தக்.

எங்கிருந்தோ வந்தது. தாழ்வாக, வறட்சியாக, சுத்தியலால் ஈர மணலில் அடித்ததுபோல.

தும். தக். தக்.

"பேட்டரி" என்றான் நெஃப்தாலி.

"பேட்டரி. கூடவே சின்ன ஸ்பீக்கர் கீச்சுன்னு பாடுது, கேக்குதா? ரெண்டும் சேர்ந்துதான் பாடுது. பேஸ் சாகல. சரியா இருக்கு. அதான் தப்பு."

நெஃப்தாலி அதை ஒருமுறை மென்று பார்த்தான். திருடன் மாட்டினால் கெட்டுப்போக வேண்டியது கெட்டுப்போகவில்லை. அப்படியென்றால் மாட்டியவனுக்கு ஒயர் ரகசியம் தெரியும்.

"லிசிமாக்கோவே தன் பெட்டியத் திருடிட்டாரா?"

"வண்டிய எடு."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஒரு திருப்பத்தில் அது மங்கியது, டீச்சர் பின்னால் போகச் சொன்னார். அடுத்த திருப்பத்தில் வலுத்தது. போகிற வழியிலேயே டீச்சர் பேசிக்கொண்டு வந்தார், கேள்வி கேட்கிற பழைய குரலில். இந்தப் பேட்டையில் சனிக்கிழமை மதியம் சப்வூஃபர் திருடுகிறவன் அதில் என்ன பாட்டு போடுவான் என்று கேட்டார். சாம்பெட்டா என்றான் நெஃப்தாலி; வேறென்ன. இது ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. வால்ட்ஸ். எந்தத் திருடன் ரெபோலோவில் வால்ட்ஸ் கேட்கிறான்?

"இன்னொண்ணு. அந்த சிமென்ட் கேக். எங்கேருந்து எங்க கொண்டுபோனே?"

"லிசிமாக்கோ வீட்டு வாசல்லேருந்து எல்வியா சலூனுக்கு. அந்தப் பொண்ணு கூடவே வந்துச்சு. பின்வாசல்ல இறக்கச் சொன்னா, இறக்கினேன். சலூன் பொம்பளைங்களுக்குன்னு…"

அவன் வாய் அங்கேயே நின்றுவிட்டது. வண்டியும் நின்றுவிட்டது.

"விசேஷ வீட்டுக்கு கேக் வரும், நெஃப்தாலி. விசேஷ வீட்டுலேருந்து, விசேஷத்துக்கு முன்னாடியே, கேக் எங்க போகும்?"

இடுப்பு வலி திடீரென்று இரண்டு மடங்கானது. திருட்டுப் பொருளைத் தன் கையால் தூக்கி, தன் வண்டியில் ஏற்றி, சவாரிக் காசும் வாங்கிக்கொண்டு, பிறகு நாலு மணி நேரம் அதையே தேடி அலைந்த துப்பறியும் உதவியாளன் உலகத்தில் இதுவரை ஒருவன்தான் இருப்பான். அவன் முட்டை அரேப்பாவை எங்கே வைத்தான் என்பதும் இன்னும் தெரியவில்லை.

எல்வியாவின் சலூனுக்குப் பின்னால் ஒரு பெரிய முற்றம். அவளுடைய கணவன் அங்கேதான் கார்னிவல் ஊர்வல மேடைகளைக் கட்டுவான். போன வருஷத்து மேடை ஒன்று, காகித முதலையின் பாதி வாலோடு, ஓரமாக நின்றது. உள்ளே காலியான பலகைத் தளம். ஒரு தடவை மிதித்தால் முரசு. அதனால்தான் சத்தம் அவ்வளவு தூரம் வந்தது.

அதன்மேல் யாசிரிஸ் ஆடிக்கொண்டிருந்தாள். தலை முழுக்கச் சுருள்கள், பழைய டீ-ஷர்ட், வெறுங்கால். கைகளைக் காற்றில், இல்லாத ஒருவரின் தோளில் வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கதவு கிறீச்சிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. ஒன்று என்கிற இடத்தில் ஒன்று விழுந்தது, இரண்டு என்கிற இடத்தில் இரண்டு. நெஃப்தாலி நிறையப் பிறந்தநாள் வால்ட்ஸ் பார்த்திருக்கிறான்; இவ்வளவு சுத்தமாகக் கால் வைத்து ஆடின ஒன்று அவனுக்கு நினைவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ரோஸ் ரிப்பன் கட்டிய கேக் அட்டைப்பெட்டி காலியாகக் கிடந்தது.

அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள், கண்ணைத் திறந்தாள், அவனைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணின்னு சொன்னீங்க, மாமா."

பல்லிடுக்கு நார் வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டு மணி. திரும்பக் கூட்டிப்போக வருகிறேன் என்று இவளிடம்தான் சொல்லியிருந்தான்.

டீச்சர் மெதுவாகக் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். பதினேழு செய்திகள். பன்னிரண்டு ஐந்துக்கு முதலாவது: எங்கே இருக்கீங்க. கடைசி, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்: அப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள வாங்க, ப்ளீஸ். நாலு மணி நேரமாக வழக்கின் விடை டீச்சரின் தோளில் தொங்கிக்கொண்டு கிர்ரென்று கத்தியிருக்கிறது. டீச்சர் அதை முழுக்கப் படித்தார். பிறகு போனை நெஃப்தாலியிடம் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பிடுங்கிய எதையும் இப்படித் தலைகுனிந்து திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

"வேற வண்டியக் கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றான் நெஃப்தாலி, அவள் முகத்தைப் பார்த்து.

"வேற யாரா இருந்தாலும் பெட்டியத் திறந்து பாப்பாங்க. அப்பாகிட்ட சொல்லிடுவாங்க. நீங்கதான் எதையும் கவனிக்க மாட்டீங்க."

டீச்சர் இருமலைப்போல ஏதோ ஒன்று செய்தார்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து குழாய்க்குள் விரலை விட்டார். மெத்தென்று இருந்தது. கறுப்பாக ஒரு நுனி தெரிந்தது. சாக்ஸ் இரண்டும் உருண்டையாகச் சுருட்டி உள்ளே அடைக்கப்பட்டிருந்தன. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

யாசிரிஸ் சொன்னாள். அப்பாவுக்கு ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் வருகிற அந்த நீளமான இழுப்புப் பிடிக்கும். அதற்காகத்தான் மூன்று வாரம் குழாயை அரை விரல்கடை, கால் விரல்கடையாக அறுத்து அறுத்துப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஆகா என்றார்கள்.

"உங்க காதுக்கு அது பாட்டு. என் காலுக்கு அது கஞ்சி, டீச்சர். ஒண்ணு எங்க முடியுது, ரெண்டு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. நேத்து ஒத்திகையில அவர் கால நாலு தரம் மிதிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க." அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது, அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "தப்பா ஆடினதுக்குக் கை தட்டறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

குழாயின் வாயைக் கையால் பொத்தியபோது தாளம் நறுக்கென்று கூர்மையாவதை அவளே கண்டுபிடித்திருந்தாள். அடைக்க ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்தில் ஷூ இருந்தது. இங்கே கொண்டுவந்து அடைத்து, சரிபார்த்து, அப்பா பனிக்கட்டி வாங்கப் போகிற பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வைத்துவிட நினைத்திருந்தாள். குழாயின் உள்ளே ஆழமாகப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

"சொல்லிடாதீங்க" என்றாள். "எனக்காகச் செஞ்சது. தப்பாச் செஞ்சிட்டாருன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

திரும்பும்போது பெட்டியைத் தூக்கியது நெஃப்தாலிதான். இடுப்பு ஏதோ சொல்ல வந்தது. அவன் காது கொடுக்கவில்லை.

நாலரைக்கு லிசிமாக்கோவின் வாசலில் இறக்கினார்கள். எல்வியா யாசிரிஸை வேறு வழியாகக் கொண்டுவந்து உடை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். டீச்சர் பொய் சொல்லி நெஃப்தாலி பார்த்ததில்லை. பழக்கம் இல்லாத வேலை என்று நன்றாகவே தெரிந்தது.

லிசிமாக்கோவுக்குப் பெட்டி வந்ததே போதும். பெட்டியைப் பலகை மேடைக்கடியில் தள்ளி, கறுப்பு ஒயரையும் சிவப்பு ஒயரையும் தன் ரகசியப்படி மாட்டி, ஒரு அடி மட்டும் போட்டுப் பார்த்தார்.

தும்.

அவர் தலை நிமிர்ந்தது. ரெபோலோவின் பிக்கோக்களெல்லாம் அஞ்சுகிற காது அது. மறுபடி போட்டார். தும். இழுப்பு இல்லை. மூன்று வாரம் அறுத்து அறுத்துச் செய்த அந்த வால் இல்லை.

குப்புறப் படுத்துக் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டார். கறுப்பு நூல் நெசவு ஒரு அங்குலம் வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, வீட்டுக்குள் வெள்ளை உடையில் நிற்கிற மகளைப் பார்த்தார். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பது பேர் இருக்கிற அறையில் கண்ணைப் பார்க்காதவள்.

லிசிமாக்கோ சாக்ஸை உள்ளே தள்ளினார். கை மணிக்கட்டு வரை போகும்படி, ஆழமாக, யார் எட்டிப் பார்த்தாலும் தெரியாதபடி தள்ளினார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சாக்ஸ் கிடைக்கலையா?" என்று அன்செல்மோ கூட்டத்திலிருந்து அக்கறையாகக் கேட்டார்.

"போனாப் போகுது" என்றார் லிசிமாக்கோ. "இந்த வெயில்ல எதுக்கு."

ஐந்து மணிக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. தெருவில் இருந்த எல்லாப் பிக்கோக்களும் ஊமையாக நிற்க, ஒரு செங்கல் அளவு ஸ்பீக்கரும் ஒரு ரொட்டிக் கூடை அளவு பெட்டியும் மட்டும் பாடின. யாசிரிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறினாள். யாரும் கை தட்டவில்லை, மறந்துவிட்டார்கள். தடுமாறியது அப்பாதான், பழகின இழுப்பைக் காணாமல் இரண்டு தரம் அடியைத் தவறவிட்டார். இரண்டு தரமும் அவள் அவர் தோளை லேசாகத் தள்ளித் தாளத்துக்குக் கொண்டுவந்தாள். பளபளக்கிற ஷூவுக்கு மேலே அவருடைய வெறும் கணுக்கால் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் ஷூ கடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். லிசிமாக்கோ நொண்டினார். நொண்டியதும் தாளத்தில்தான்.